அப்பா அடைத்த ஓட்டை

அன்பு மகள் அகிலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே தீவில், டெய்ரி ஃபார்ம் ஏரியா வீட்டில் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், புனே குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருந்தார், அவர் முன்னால் என் பெருமையை நானே பேச வெட்கமாக இருந்தது, அதனால்தான் கடிதம். முதலில் நல்ல செய்தி, நம் வண்டியை விற்கவில்லை!

கியர்பாக்ஸின் பின்பக்கம் எண்ணெய் ஒழுகியது உனக்குத் தெரியும். அபர்டீன் பஜாரில் காய்கறி ஏற்றிக்கொண்டு அக்கரையிலுள்ள பேம்பூ ஃபிளாட்டுக்குப் போகும்போது ஃபெர்ரி தளத்தில் சொட்டி, ஒரு அம்மாள் வழுக்கி விழப் பார்த்தார், ஒழுகல் நிற்காமல் இனி வண்டியை ஏற்ற மாட்டோம் என்று ஃபெர்ரிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஃபெர்ரி இல்லையென்றால் அப்பாவுக்குப் பிழைப்பு ஏது. மெக்கானிக் நாகலிங்கம், எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீலைக் கழற்றிக் காட்டினார், ரப்பர் விளிம்பு தேய்ந்து இறுகிப்போயிருந்தது. புதுசு போட்டும் ஒரு வாரம் தாங்கவில்லை, மறுபடி சொட்டியது. கியர் பெட்டியே போச்சு, கடல் தாண்டி மெயின்லேண்டுக்குத்தான் அனுப்பணும் என்றார். அப்பா வண்டி வாங்குகிற ஆளை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை வண்டி ஓடி வந்த சூட்டோடு, எண்ணெய் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க நாகலிங்கம் கியர்பாக்ஸ் மூடியைத் திருகினார், புஸ்ஸென்று காற்று வந்தது. டீ கொண்டுபோன என் காதுக்கு அது குக்கர் சத்தமாகக் கேட்டது. நம் வீட்டில் முதலில் காலேஜ் போனவள் என்று பெயர்தான், நாலு பேர் முன்னால் வாய் திறக்க இன்றைக்கும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது, ஆனாலும் கேட்டுவிட்டேன், உள்ளே சூடாகிற காற்று வெளியே போக வழி எங்கே என்று. “அரே அண்ணி, இது சாம்பார் வைக்கிற குக்கரா?” என்று சிரித்தபடி கியர்பாக்ஸின் மேல்பக்கம் கைவிட்டுத் தடவியவர் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். காற்றுப் போகும் சின்னக் குழாயின் வாய் கறுப்புப் பெயின்ட்டில் அடைபட்டுக் கிடந்தது. உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காமலிருக்க மழைக்கு முன் வண்டிக்கு அடியில் பெயின்ட் அடிப்போமே, இந்த முறை அப்பாவே படுத்துக்கொண்டு அடித்தார், பாசத்தில் ஒரு ஓட்டைகூட விடவில்லை! போக வழியில்லாத காற்றுதான் எண்ணெயைச் சீல் வழியே தள்ளியிருக்கிறது. நாகலிங்கம் கம்பியால் குத்தி அடைப்பை எடுத்து, வேறு சீல் போட்டுவிட்டு, “அண்ணா, அடுத்த வருஷம் பிரஷ்ஷ அண்ணிகிட்ட குடுத்துடுங்க” என்றார். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிறு காலை வந்த ஆளிடம், “வண்டி விக்கிறதுக்கு இல்லப்பா, வேணும்னா இவங்களக் கேட்டுக்க” என்று அப்பா என்னைக் காட்டினார், நான் சமையலறைக்குள் ஓடிவிட்டேன். ஆனால் திங்கட்கிழமை நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன் அகிலா. ஃபெர்ரிக்காரர் குனிந்து அடியில் பார்த்து, “ஏக்தம் சூக்கா” என்று கையசைத்தார், துளி ஈரமில்லையாம். அப்பா ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், நான் தலையைக் குனியவே இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. இந்திராணி சித்தியிடம் கொடுத்துவிட்ட கருவாட்டை வந்த அன்றே வெயிலில் காட்டு. முருகன் உன்னைக் கண்ணைப்போல் காக்கட்டும்.

என்றும் உன் நினைவில்,
அம்மா விஜயகுமாரி