பொது ஃபோல்டரில் காணாமல் போன ஏழு ஸ்கேன்கள்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புகைமூட்டம். கிள்ளான் ஆபீஸ் ஏசி மறுபடி சொட்டுகிறது. வாளி வைத்தாயிற்று.

வேலை: சர்வர் பேக்கப். டோனர் ஆர்டர். அம்மாவுக்குக் கண் மருந்து.

லோரி அனுப்பும் பிரிவு மேரி அக்கா என் மேசைக்கு வந்தார். குரலே எழும்பவில்லை.

"கோமதி, பொது ஃபோல்டர்ல போட்ட ஸ்கேன் காணோம்மா. இது மூணாவது வாட்டி."

பழைய பத்திரங்கள், ஏழு. ஞானஸ்நானச் சான்று, எஸ்டேட் ஆஸ்பத்திரி அட்டை, இன்னும் சில. அசல் எல்லாம் வெள்ளத்தில் போச்சு. அக்கா இங்கே பக்கத்துக் காப்பாரில் பிறந்தவர், வயது ஐம்பத்து நாலு, இன்னும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி. குடியுரிமை நேர்முகம் இந்த வெள்ளி. ஆபீஸ் பிரிண்டரில் சொந்த வேலை என்று கூச்சம். அதனால் சாயங்காலம் ஃபோல்டரில் போட்டுவிட்டு, மறுநாள் யாரும் வருமுன் அச்சடிக்கப் பார்த்திருக்கிறார்.

"பாஸ்தான் அழிக்கிறாரு போல. கேக்க பயமா இருக்கு."

சனிக்கிழமை போட்டாராம். மூன்று நாளுக்குள் வந்ததைக் காட்டு என்று find -mtime -3 அடித்தேன். அக்காவுடையது ஒன்றுகூட இல்லை.

"நீங்க போடவே இல்லையேக்கா" என்றேன், பெரிய இவள் மாதிரி.

ஜூலை 8, செவ்வாய்

கண் மருந்து மறந்துவிட்டேன். அம்மாவிடம் திட்டு.

நாலு மணி. என் கண்முன்னாலேயே அக்கா பென்டிரைவிலிருந்து ஏழையும் ஃபோல்டரில் போட்டார். உடனே, பத்து நிமிடத்துக்குள் வந்ததைத் தேட find -mmin -10. ஒன்றுமில்லை! திரையில் ஏழும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

குவளையில் தே ஆறிப்போச்சு. அரைமணி மண்டைக் குடைச்சல். பிறகு பிடிபட்டது. நான் கேட்டது, உள்ளே இருப்பது கடைசியாக எப்போது மாறியது என்று. விண்டோசிலிருந்து வரும் கோப்பு தன் பழைய தேதியையும் சுமந்துகொண்டு வருகிறது. வந்தது இன்று, தேதி 2014. இங்கே வந்து சேர்ந்த நேரத்தைப் பார்க்கும் -cmin -40 போட்டேன். ஏழும் வரிசையாக வந்தன! கத்தியே விட்டேன்.

கோப்பின் முழு விவரத்துக்கு stat போட்டால் இன்னொரு வரி: பிறந்த நேரம், இன்று 4.06. அக்கா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"பாரேன், இதுக்குக்கூட பொறந்த நேரத்த எழுதி வச்சிருக்காங்க."

அந்த வரியைத் திரையில் அப்படியே விட்டுவைத்தேன்.

டோனர் நாளைதான். காலையில் அச்சடிப்போம் என்றேன். வீட்டுக்கு, பிரிக்பீல்ட்ஸ் போகும் ரயிலில் நல்ல கூட்டம். பக்கத்தில் ஒருவர் போனில்: "வந்துட்டே இருக்கேன் லா, இதோ பக்கத்துல." ரயில் அப்போதுதான் ஷா ஆலம் தாண்டியது, பாதி வழிகூட ஆகவில்லை.

ஜூலை 9, புதன்

ஃபோல்டர் காலி.

டோனர் வந்துவிட்டது. அச்சடிக்கத்தான் ஒன்றும் இல்லை. பென்டிரைவ் நேற்று ராத்திரி சட்டைப்பையோடு வாஷிங் மெஷினில் போய்விட்டதாம். அக்கா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

சர்வரில் தினமும் சாயங்காலம் ஆறுக்குத் தானாக ஓடும் வேலைகளைப் பார்த்தேன். ஒரே வரி: find, -mtime +30, -delete. முப்பது நாளைத் தாண்டிய தேதி என்றால் அழி. டிஸ்க் நிரம்பியது என்று போன மாதம் போட்டது. போட்டது நான். 2014 தேதி என்றால் அதற்குப் பழைய குப்பை. பொது ஃபோல்டருக்கு எதற்கு பேக்கப் என்று விட்டதும் நான்தான். வெட்கம்.

ஒரு நப்பாசையில், ஒரு நாளுக்குள் வந்ததை எல்லாம் தேட, முழு டிஸ்க்கிலும் -ctime -1. சரசரவென்று வரிகள். நடுவில் அதே ஏழு பெயர்கள். பாஸின் சொந்த ஃபோல்டரில், நேற்று 4.40.

எட்டாவது ஒன்றும் இருந்தது. இன்று காலை 8.12. மேரி அக்கா பெயரில் மலாயில் ஒரு கடிதம். திறக்கக் கூடாது. திறந்தேன். குடியுரிமை அதிகாரிக்குச் சிபாரிசு. முதல் வரி: இவரை எனக்கு இருபத்தொரு வருடமாகத் தெரியும்.

மறுபடி கமாண்ட் ஓட்டினேன். கடிதம் வளர்ந்திருந்தது. அறைக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பாஸ் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருக்கிறார்.

அக்காவிடம் போனேன். அழித்தது நான்தான் என்பதை முதலில் சொன்னேன்.

"அடிப்பாவி" என்றார். வேண்டியதுதான் எனக்கு.

பிறகு பாஸ் ஃபோல்டரில் ஏழும் பத்திரமாக இருப்பதையும் கடிதத்தையும் சொன்னேன்.

"பத்து நாளா அவருக்கு ஒரு குட்மார்னிங்கூட சொல்லலையேம்மா நானு."

இப்போது அக்கா பாஸ் அறை வாசலில் நிற்கிறார். இன்னும் கதவைத் தட்டவில்லை.