எட்டாவது வரிசையில் உன் அண்ணன்

கோவில்பட்டி,
12.11.2024.

அன்பு நண்பன் ஜெயசிங்குக்கு,

மாரிராஜ் எழுதுகிறேன். நலம் விசாரிப்பை இரண்டே வரியில் முடித்துவிடுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பஹ்ரைனில் வெயில் குறைந்து நீயும் கொஞ்சம் தேறியிருப்பாய்.

போன் இருக்கும்போது எதற்குல கடுதாசி என்று கேட்பாய். உன் அண்ணன் பேரை எடுத்ததும் மூன்று தடவை போனை வைத்துவிட்டாய். வாய்ஸ் அனுப்பினால் கேட்காமலே அழிக்கிறாய். காகிதத்தையும் கிழிக்கலாம்தான். ஆனால் நீ பாதியில் விடுகிற ஆள் இல்லை. பாலிடெக்னிக்கில் கேள்வித்தாளைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் ஒன்றும் தெரியவில்லை என்று எழுந்து போவாய். நம் கூட்டாளி கடற்கரை லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறான். காரச்சேவு பாக்கெட்டோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். அவனைப் பற்றியும் உள்ளே இருக்கிறது, அதனால் நன்றாக ஒட்டித்தான் அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் பொன்சிங் ஒரு படத்தில் நடித்திருக்கிறார். கூட்டத்தில் ஒருவராக இல்லை, கதாநாயகனாக.

எடுத்தவர் கயத்தாறு பிரேமலதா அக்கா. உனக்குத் தெரியாது. கல்யாண வீடியோ, ஞானஸ்நான வீடியோ எடிட் பண்ணிக் கொடுக்கிற சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறார். இந்தப் படத்துக்குப் பின்னால் சபையும் இல்லை, சென்னைக் கம்பெனியும் இல்லை. மொத்தமே ஆறு பேர். எனக்கு சவுண்டு, கொஞ்சம் எடிட்டிங். கிறிஸ்தவப் படம் என்றதும் நான் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். நான் பார்த்ததெல்லாம் ஒரே அச்சு. குடிகாரன் மேலே பார்ப்பான், வெள்ளை லைட் விழும், கீபோர்டு அழும், அவன் திருந்திவிடுவான். இதை அக்காவிடம் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "எனக்கும் அதான்யா எரிச்சல், நீ வா" என்றார்.

படத்தின் பெயர் 'எட்டாவது வரிசை'. வரப்புத் தகராறில் தம்பியோடு பேச்சை விட்ட ஒருவன், பதினோரு வருஷம் கோயிலுக்கு வருகிறான், பாடுகிறான், ஆனால் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற திருவிருந்து நேரத்தில் மட்டும் முன்னால் போவதில்லை. எல்லாரும் எழுந்து போக, இவன் எட்டாவது வரிசை பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பான். மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு அப்பத்துக்குக் கை நீட்டக் கூடாது என்பது உங்கள் வழக்கமாம். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, எனக்கு அது புதிது. கடைசியில் தம்பியோடு சமாதானமாகி எழுந்து போகிறான். அந்த எழுந்து போவதுதான் படமே.

உங்கள் ஊருக்கு அறுப்புப் பண்டிகை வீடியோ எடுக்க வந்த அக்கா, களத்தில் மக்காச்சோளம் கிளறிக்கொண்டிருந்த உன் அண்ணனைப் பார்த்து, ஆள் இவர்தான் என்று முடிவுபண்ணிவிட்டார். கதையைச் சொன்னதும் அண்ணன், "அந்த எடத்துல உக்காந்து எனக்குப் பழக்கந்தான்" என்றார். நாங்கள் சிரித்தோம். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். உங்கள் சண்டை எனக்குத் தெரியும். அது அப்பத்துக்குப் போகாத அளவுக்கு என்று தெரியாது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அக்கா வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், அப்போதுதான் மற்றது புரியும். டப்பிங் கிடையாது. அந்த இடத்தில் என்ன கேட்கிறதோ அதுதான் படத்திலும் கேட்க வேண்டும். உங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலை. காற்று அடித்தால் அதன் உறுமல், காற்று நின்றால் மயில். மழை பெய்தால் கரிசல் ஸ்டாண்டின் காலை முழங்கால் வரைக்கும் விழுங்கிவிடும், பிடுங்க இரண்டு பேர் வேண்டும். போதாததற்கு ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் ஜெபம். ஒருநாள் சாயங்காலம் எனக்குப் பொறுமை போய், "அக்கா, நீங்க ஆமென் சொல்லுததுக்குள்ள வெளிச்சம் போயிரும்" என்றேன். கண்ணைத் திறக்காமலே, "வெளிச்சத்தக் குடுக்குதவர்கிட்டதான் பேசிக்கிட்டிருக்கேன், செத்த இரு" என்றார். அன்றைக்கு வெளிச்சம் இருந்தது. அதை நான் ஒரு கணக்காக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் யாரிடமும் குரல் உயர்த்தியதை என் மைக் கேட்டதில்லை. இதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

கடைசிக் காட்சியை நிஜ ஆராதனையில்தான் எடுப்பது என்று அக்கா பிடிவாதம். உங்கள் ஊரில் மற்ற வாரமெல்லாம் உபதேசியார்தான் நடத்துவார், நீங்கள் ஐயர் என்று சொல்கிற பாதிரியார் வந்து திருவிருந்து கொடுப்பது மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும். ஐயர் சம்மதித்தார். லைட் கூடாது, கேமரா பின்சுவரை விட்டு நகரக் கூடாது, யாரையும் திரும்பச் செய்யச் சொல்லக் கூடாது என்று மூன்று கட்டளை.

செப்டம்பர் முதல் ஞாயிறு எல்லாம் தயார். சபை எழுந்து வரிசை வரிசையாகப் போனது. அண்ணன் எழுந்திருக்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த முதல் ஞாயிறுக்கு ஒரு மாதம் காத்திருந்தோம். அக்டோபரிலும் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கோயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். அண்ணாச்சி, இது நடிப்புதானே, பத்து அடி நடந்துபோய் வாங்கிவிட்டு வருவதில் என்ன என்று கேட்டேன். அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார். "தம்பி, குடிக்கிற மாரி நடிக்கச் சொன்னிய, நடிச்சேன். அழச் சொன்னிய, அழுதேன். வரப்புல உருண்டு சண்ட போடச் சொன்னிய, இந்த வயசுல உருண்டேன். அங்கன போயி மட்டும் நடிக்க மாட்டேன்."

சரி, ஆளே வேண்டாம், முதுகு போதும் என்று நான் ஒரு வேலை பார்த்தேன். உன் அண்ணன் படத்தில் போடுகிற சட்டையைக் கடற்கரைக்கு மாட்டிவிட்டேன். அதே உயரம், அதே கழுத்து. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, கிண்ணத்தில் ரஸ்னா ஊற்றி, ஐயர் கையாக என் கையையே நீட்டி, பின்னாலிருந்து எடுத்து, கோயில் ஷாட்டோடு ஒட்டிவிட்டேன். நிறம்கூடச் சரியாக வந்திருந்தது. அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். கடைசி வரை பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. யாரு அது?" என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்குத் திரும்ப ஓட்டிக் காட்டினார். கடற்கரை அப்பத்தை வாங்கி வாயில் போட்டுவிட்டு, பெருமாள் கோயிலில் தீர்த்தம் குடித்த கையைத் தலையில் தடவுகிற மாதிரி, பின்னந்தலையில் தடவுகிறான். எடுத்தவன் நான், ஒட்டியவன் நான், நூறு தடவை பார்த்தவன் நான். என் கண்ணுக்கு அது தப்பாகவே படவில்லை, நானும் அப்படித்தானே செய்வேன். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு, இதை அழித்துவிடு, பொன்சிங் அண்ணனுக்குக் காட்டிவிடாதே, சங்கடப்படுவார் என்று மட்டும் சொன்னார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் தெம்பாக இருந்திருப்பேன்.

நவம்பர் முதல் ஞாயிறு, போன வாரத்துக்கு முந்தின வாரம். இப்போதும் எழுந்திருக்கவில்லை. ஆராதனை முடிந்து அக்கா அவரை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். நான் வராந்தாவில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் சட்டைக்குள் மைக் ஓடிக்கொண்டிருந்தது, என் காதில் ஹெட்போன். அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லை.

ஜெயசிங், இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படி.

உன் அம்மா தவறிய அன்று நீ டிக்கெட் கிடைக்காமல் தவித்தது எனக்குத் தெரியும். வியாழக்கிழமை காலையில் வந்துவிடுவேன், அதுவரை வையுங்கள் என்று நீ சொன்னாய். புதனே அடக்கம் பண்ணிவிட்டார்கள். நீ வந்து ஏன் என்று கேட்டதற்கு உன் அண்ணன், ஐயருக்கு வியாழக்கிழமை வேறு வேலை என்றார். நீ கல்லறையிலிருந்தே பஸ் ஏறிப் போய்விட்டாய். ஐயருக்கு நேரம் இல்லை என்று அம்மாவைப் புதைத்த அண்ணன் என்று இரண்டரை வருஷமாக எல்லாரிடமும் சொல்கிறாய். நானும் நம்பினேன். நீ சொல்லித்தானே கேட்டேன்.

ஐயருக்கு ஒரு வேலையும் இல்லை. புதன் மத்தியானம் காற்றில் கம்பி அறுந்து ஊருக்கே கரண்ட் போய்விட்டது. ஐஸ் பெட்டி நின்றுபோனது. பந்தல்காரரின் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார்கள். லைட்டுக்கும் மைக் செட்டுக்கும் உள்ள ஜெனரேட்டர் அது. கம்ப்ரசரை இழுக்கவில்லை, திரும்பத் திரும்ப டிரிப் ஆகியிருக்கிறது. ஏசி மெக்கானிக்கான உனக்கு நான் விளக்க வேண்டாம். அது மே மாதம், ஓட்டு வீடு. கயத்தாறுக்கும் விளாத்திகுளத்துக்கும் வேறு பெட்டிக்கு ஆள் அனுப்பியும் நாலு மணி வரை ஒன்றும் வரவில்லை. அதற்கு மேல் அவர் சொன்னதை நான் எழுத மாட்டேன். பெண்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, தன் கையாலேயே சவப்பெட்டியை மூடினார் என்பது வரைக்கும் போதும்.

தம்பியிடம் இதைச் சொல்லிவிடலாமே என்று அக்கா கேட்டார். அவர் சொன்னது ஒரு எழுத்து பிசகாமல் என் காதில் இருக்கிறது. "அவன் மனசுல எங்கம்மா அவன ஊருக்கு வழியனுப்புன மொகத்தோட இருக்கா. நான் பாத்தத அவனும் பாக்கணுமா? என்னயக் கொற சொல்லிக்கிட்டே இருக்கட்டும். அம்ம மொகம் அவனுக்கு அப்படியே இருக்கட்டும்." பிறகு, தம்பி மனதில் ஒரு குறை இருக்கும்போது நான் எந்தக் காலைக் கொண்டு முன்னால் போவேன் என்றார்.  

அப்புறம் அக்கா என்னிடம் வந்து, மைக் ஓடியதா என்று கேட்டார். ஓடியது என்றேன். அழி என்றார். அவர் கண் முன்னாலேயே அழித்தேன்.

அந்த நிமிஷமே அக்கா படத்தை முடித்துவிட்டார். அண்ணன் எழுந்து போகிற காட்சி இல்லை. சபை போகிறது, திரும்பி வருகிறது, அவர் உட்கார்ந்திருக்கிறார். நாலு நிமிஷம், ஒரே ஷாட். அன்றைக்குக் காற்று இல்லை, காற்றாலை நின்றிருந்தது. வளையல், முழங்கால் போடுகிற சத்தம், ஐயரின் முணுமுணுப்பு, நடுவில் உன் அண்ணன் எச்சில் விழுங்குவது. நான் பதிவு பண்ணியதிலேயே சுத்தமான சவுண்டு அதுதான். போன வாரம் ஒரு டிவிக்காரர் வந்து பார்த்தார். படம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஆள் கடைசியில் எழுந்து முன்னால் ஆல்டருக்குப் போகாவிட்டால் சாட்சி எங்கே இருக்கிறது, அதை மட்டும் எடுத்துக் கொடுங்கள், கிறிஸ்மஸுக்குப் போடுகிறோம் என்றார். இரண்டு வருஷ உழைப்பு. அக்கா காபி கொடுத்து அனுப்பிவைத்துவிட்டார். உங்கள் கோயில் அசன விருந்தன்று திரை கட்டிப் போடப்போகிறோம், அவ்வளவுதான். நான் ரசிகன் எல்லாம் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் வேலை என்றால் இனி இந்தம்மாவோடுதான்.

ஆகையால் இந்தக் கடிதம் படத்துக்காக இல்லை. படம் முடிந்தது, கேமராவைப் பெட்டியில் போட்டாயிற்று. நான் எழுதுவது அக்காவுக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. கேட்கக் கூடாததைக் கேட்டேன். கேட்டதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அதற்கு என்னைத் திட்ட வேண்டும் என்றால் தனியாகத் திட்டு.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அண்ணனுக்கு நீயே போன் பண்ணு. பண்ணி, இதெல்லாம் தெரிந்துவிட்டது என்று காட்டிக்கொள்ளாதே. கரண்ட் போனதைப் பற்றிப் பேசாதே, மன்னிப்பும் கேட்காதே. கேட்டால் அவருக்கு விளங்கிவிடும், இத்தனை நாள் உனக்காக அவர் மறைத்துவைத்தது வீணாகிவிடும். மழை எப்படி என்று கேள். மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்திருக்கிறதா என்று கேள், விழுந்திருக்கிறது, அரை மணி நேரம் சொல்லுவார். சாப்பிட்டியாண்ணே என்று கேள். உனக்கு அழுகை வந்தால் சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிடு.

அடுத்த திருவிருந்து டிசம்பர் ஒன்றாம் தேதி. எட்டரைக்கு முதல் மணி அடிப்பார்கள், அதற்குப் பிறகு அவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். இங்கே எட்டரை என்றால் உனக்கு அங்கே காலை ஆறு. அதற்கு முன்னால் கூப்பிடு. அலாரம் வைத்துக்கோலே.

நீ நல்லா இருக்கணும், அவரும் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
உன் மாரிராஜ்