மழைக்குக் கழற்றிய பிளக்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

நம் வீட்டுப் படங்களை இணையத்தில் சேமிக்கிற கட்டணம் கூடிவிட்டது. அதைக் குறைக்கப் பெரிய வீடியோக்களை அங்கிருந்து அழித்தேன். அம்மா உயிரோடு இருந்தபோது எடுத்தவை இப்போது உங்கள் அலுமாரிக்கு மேலுள்ள, இணையத்தோடு இணைத்த சேமிப்புப் பெட்டியில் மட்டும்தான். நேற்று என் போனில், அது இயங்குவதைக் காட்டும் பச்சைப் புள்ளி அணைந்தது. பதறித்தான் உங்களுக்கு அழைத்தேன். "மின்னி முழங்கினது பிள்ளை, எல்லாப் பிளக்கையும் கழட்டிப்போட்டன்" என்றீர்கள். சிரித்துச் சமாளித்தேன்.

கழற்றியது சரிதான். ஆனால் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, வீடியோக்களைப் பிரதியெடுத்து, கிளிநொச்சி மாமி வீட்டில் வையுங்கோ.

வேலைக்குப் போகிற வான் கோர்ன் அடிக்கிறது. மழை விட்டதும் பிளக்கைத் திரும்பக் கொழுவுங்கோ, அப்பா. அந்தப் புள்ளியைப் பார்த்தால்தான், நீங்கள் வீட்டில் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நிம்மதியில் எனக்கு நித்திரை வருகிறது.

பிரஷாந்தினி
தோஹா