காதுக்குப் பின்னால் கண்டது

அன்புள்ள வாண்டுக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம். நீ சுகம் என்று போனில் சொல்வதைத்தான் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை, அதனால் இந்தக் கடிதம். அன்று பஸ் நிலையத்தில் தண்ணீர் பாட்டில், சார்ஜர், வாந்தி மாத்திரை என்று எல்லாவற்றையும் நினைவுபடுத்தினேனே தவிர, தொண்டை வரை வந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். உன் தலையில் இருப்பது பொடுகு இல்லை என்று எனக்குச் சந்தேகம். அப்பா பக்கத்தில் நின்றார். அத்தை காய்ச்சிக் கொடுத்த எண்ணெயில் ஒரு புட்டியை வீட்டில் வைத்துவிட்டு இன்னொன்றை உன் பையில் திணித்துக்கொண்டிருந்தார், உன் அம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்கு என்று உன்னிடம் வேறு சொன்னார். அந்த நேரத்தில் சித்தி வாயைத் திறந்து எண்ணெய் வேண்டாம் என்றால் அது எந்தக் காதில் எப்படி விழும் என்று உனக்குத் தெரியும். உன் அம்மாவுக்குப் பிறகு இங்கே வந்தவள் நான், உனக்கும் எனக்கும் ஓர் அக்கா தங்கை வயசு வித்தியாசம்தான், ஆனாலும் இந்த வீட்டில் அந்த எண்ணெயைப் பற்றி மட்டும் நான் இன்னும் விருந்தாளி. பஸ் கிளம்பியது, கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

எப்படிச் சந்தேகம் வந்தது என்று கேட்பாய். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நான் செய்வது என்ன, பிரேம் அழுத்துகிறதா நழுவுகிறதா என்று ஊரார் காதுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதுதானே. நீ வந்திருந்தபோது உன் கண்ணாடியைச் சரி செய்து மாட்டிவிட்டேன் இல்லையா, அப்போது பார்த்தேன். காதுக்குப் பின்னால் சிவந்து, மேலே மெழுகு சொட்டிக் காய்ந்த மாதிரி வெள்ளையாய்த் தடித்து, முடி முடிகிற இடத்தையும் தாண்டிக் கழுத்துக்கு இறங்கியிருந்தது. உதறினால் உதிர்கிற சமாசாரமாக அது தெரியவில்லை. அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே சந்தேகமாகப் பட்டது. வீட்டுக்குள் எதற்கு ஸ்கார்ஃப்? குளியலறைக் குப்பையில் எதற்கு மருந்து ஷாம்பூவின் காலி பாட்டில்? குப்பைக்கூடையைக் கிளறுகிற சித்தி என்று சிரிக்காதே, கொட்டப் போனபோது தானாகக் கண்ணில் பட்டது. சரி, கொஞ்சம் கிளறவும் செய்தேன். அந்த ஷாம்பூவை ஒழுங்காகப் போட்டும் போகவில்லையா, இல்லை எல்லாரையும் போல் நுரை வந்ததும் கழுவிவிட்டாயா என்று தெரியாமல் எனக்கு மண்டை குடைந்தது.

உன்னிடம் கேட்கத் தைரியமில்லை, அதனால் அந்த ஷாம்பூ வேலை செய்கிறதா என்று சோதிக்க அகப்பட்டவர் உன் அப்பா. அவர் தலையில் இருப்பது சத்தியமாகப் பொடுகுதான், அந்தக் கறுப்புக் கோட்டின் தோள்பட்டையைப் பார்த்தாலே தெரியும். இடது பாதிக்கு மருந்து ஷாம்பூ, எண்ணெய் கிடையாது, வலது பாதிக்கு வழக்கம்போல அத்தையின் எண்ணெய் என்று பிரித்துவிட்டேன். தலையா இது, பங்காளிச் சண்டையில பிரிச்ச வீடா என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார். ஷாம்பூவை ஐந்து நிமிடமாவது ஊறவிட வேண்டும், அதுவரை குளியலறையில் பாட்டு, அந்தக் கதவின் கிறீச்சுக்கும் அவர் குரலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். சில வாரங்களில் இடது தோள் சுத்தம். ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கப் போனால் ஒரு பயணி, ஏன் சார், உங்க வலது பக்கம் மட்டும் பனி பெய்யுதா என்றாராம். ஊர்ல எல்லாரையும் சந்தேகப்படறது என் உத்தியோகம், வீட்டுல அதை நீ எடுத்துக்கிட்டியா என்று என்னிடம் எரிந்து விழுந்தார்.

படித்துப் பார்த்ததில் விஷயம் இவ்வளவுதான். பொடுகுக்குக் காரணம் அழுக்கும் இல்லை, வறட்சியும் இல்லை. எல்லார் தலையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை குடியிருக்கிறது, தலையில் ஊறும் எண்ணெய்ப் பசையைத் தின்று ஒரு அமிலத்தை மிச்சம் வைக்கிறது, அந்த அமிலம் ஒத்துக்கொள்ளாத தலைகள் தோலை அவசர அவசரமாக உதிர்க்கின்றன. நாம் மேலே எண்ணெய் ஊற்றுவது திருடனுக்கு இலை போட்டுப் பரிமாறுகிற கதை. மருந்து ஷாம்பூ அந்தப் பூஞ்சையை அடக்கும், அப்பாவுக்கு அடக்கியது. உனக்கு ஏன் அடக்கவில்லை என்பதுதான் என் கேள்வி. போன வாரம் போனில் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன், நீயோ, ஊறவிட்டுத்தான் கழுவறேன், மாசக்கணக்காப் போடறேன் சித்தி, தண்ணிதான் சரியில்லை போல என்றாய். தண்ணீரின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது பயப்படாமல் படி. நீ இங்கே இருந்தபோது காலையில் குழாயை விரலால் திருகாமல் உள்ளங்கையால் தள்ளித் திறந்தாய். கேட்டதற்குக் கை மேல படுத்துட்டேன் என்றாய், தினமுமா ஒருத்தி கை மேல் படுப்பாள்? மோதிர விரல் அடியிலிருந்து நுனி வரை ஒரே பருமனாக வீங்கியிருந்தது. நகங்களில் தையல்காரர் விரலில் மாட்டும் கவசம் போலப் பொடிப் பொடிக் குழிகள். தலையும் நகமும் விரலும் தனித்தனி வியாதி இல்லை என்று நினைக்கிறேன். சோரியாசிஸ் என்று ஒன்று உண்டு, உடம்பின் காவல்காரனே ஆள் தெரியாமல் சொந்தத் தோலை அடிப்பது, ஒட்டிக்கொள்கிற வியாதி இல்லை, யார் குற்றமும் இல்லை. சிலருக்கு அது மூட்டுக்குள்ளும் இறங்கும், கவனிக்காமல் விட்டால் விரல் கோணிவிடும், கோணியது திரும்பாது. பொய்ப்பல் செய்யும் கூடத்தில் மெழுகில் பல் செதுக்கிப் பிழைக்கிற பெண் நீ. உன் கூடத்தில் எல்லாரும் உன் கையைத்தான் பாராட்டுகிறார்கள் என்று பெருமையாகச் சொன்னாயே, அந்தக் கையைப் பற்றித்தான் எழுதுகிறேன். இப்போதே பிடித்தால் மருந்து இருக்கிறது. பியூட்டி பார்லர்காரி சொல்லும் பாக்கேஜ் எதுவும் வேண்டாம், தோல் டாக்டரிடம் போ, தலையை மட்டும் காட்டிவிட்டு வராதே, கையையும் நீட்டிக் காட்டு. நான் டாக்டர் இல்லை, என் சந்தேகம் பொய்யாகிப் போனால் ஆயுசு முழுக்க என்னைக் கிண்டல் செய்துகொள், சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வேன்.

எண்ணெயைப் பற்றி அப்பாவிடம் பேச்செடுக்காதே. உன் அம்மாவின் பக்குவத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அதை நீயாவது நம்பு. நேரத்துக்குச் சாப்பிடு, தலையைச் சொறியாதே, செதிலைப் பிய்க்கவே பிய்க்காதே. நீண்ட ஆயுளோடும் நோகாத கைகளோடும் இரு. டாக்டரிடம் போகும் நாளை எனக்கு எழுது, சரி சித்தி என்று மட்டும் எழுதாதே.

உன் மேல் எப்போதும் ஒரு கண் வைத்திருக்கும்
சித்தி

பி.கு. உறையை ஒட்டப் போகும்போது, யாருக்கு இவ்வளவு நீளமா என்று அப்பா கேட்டார். மறைக்க மனமில்லாமல் கொடுத்துவிட்டேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார். அலமாரியிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்துப் போய்க் குளியலறைக் கதவின் கீலுக்கு விட்டார். பிறகு வேலைக்குப் போன் செய்து லீவு சொன்னார். இதை நான் தபாலில் போடவில்லை. கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு காலை வண்டிக்கு அவரே உன்னிடம் கிளம்புகிறார்.