மூன்றாம் ஸ்டாண்டின் மஞ்சள் புள்ளி

மாமு,

மூன்று வாரத்துக்கு முன்னால் மில்லில் புதுக் கருவி மாட்ட ஆட்கள் வந்தார்கள். இனிமேல் மீட்டரைத் தூக்கிக்கொண்டு நான் சுற்ற வேண்டாமாம். மெஷின் எவ்வளவு அதிர்கிறது என்று அந்தக் கருவியே அளந்து கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடுமாம். மூன்றாம் ஸ்டாண்டின் அடியில் குனிந்து கிரீஸைத் துடைத்த ஆள், "சார், ஸ்டாண்டோட கால்ல ஒரு மஞ்சப் புள்ளி இருக்கு. இங்கதான் அளப்பீங்களா?" என்று கேட்டார். நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அந்தப் புள்ளியை வைத்தது நீ. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. பெயிண்ட் மட்டும் உரியவில்லை.

ஐடிஐயில் ஒரே செட், திருவொற்றியூர் இரும்பு மில்லில் ஒரே நாளில் சேர்ந்தோம். நீ ஃபிட்டர் ஆனாய். என்னை ஒரு வாரம் டிரெய்னிங் அனுப்பி, கையில் அந்த மீட்டரைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து நான் உனக்கு டாக்டர். "வந்துட்டாருப்பா டாக்டரு, மிசினுக்கு ஜொரம் பாக்க" என்பாய். என் வேலை என்ன என்று உன் கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டெல்லா கேட்டபோது நீ சொன்னதை நான் மறக்கவே இல்லை. "ஸ்டாண்டுன்னா ஒரு இரும்பு சட்டம். அதுல ரெண்டு பூரிக்கட்ட கீது, நடுவுல நெருப்பா காஞ்ச இரும்பு போவுது. கட்ட சுத்தறதுக்கு ரெண்டு பக்கமும் பேரிங்கு. அது தேஞ்சா கட்ட ஆடும். எவ்ளோ ஆடுதுன்னு இவன் எழுதிகினு வருவான். அத்த வெச்சிதான் எப்ப மாத்தறதுன்னு முடிவு பண்ணுவாங்கோ." இதைவிடத் தெளிவாக டிரெய்னிங்கில்கூட யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் ஸ்டாண்டு ஒரு சனியன். மற்ற ஸ்டாண்டுகளில் கை நீட்டினால் பேரிங் எட்டும். அங்கே பாதி உடம்பை உள்ளே சாய்க்க வேண்டும். ஆவி முகத்தில் அடிக்கும், இரும்பிலிருந்து உரிந்த செதில் தெறிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அப்படி ஒரு செதில் என் கிளவுஸுக்குள் விழுந்து மணிக்கட்டைப் பொசுக்கியது. நீதான் தண்ணீரில் என் கையைப் பிடித்து வைத்திருந்தாய். நான் கத்தியதைவிட நீ திட்டியதுதான் அதிகம்.

மறு வாரம் நான் வந்தபோது ஸ்டாண்டின் காலில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், புதிதாக மஞ்சள் புள்ளி இருந்தது. "இனிமே இங்க வெச்சி எடு" என்றாய். "எல்லாம் ஒரே இரும்புதானே. இன்னாத்துக்கு உள்ள போய் எரிஞ்சி சாவுற?" எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. கட்டுப் போட்ட கையோடு குனிந்து, நீ காட்டிய இடத்தில் வைத்து எடுத்தேன்.

காலில் வைத்து எடுத்தால் எண் குறைவாகத்தான் வரும். பேரிங் படும் பாடு அவ்வளவு தூரம் முழுசாக வந்து சேராது. கை ஆறிய பிறகும் நான் பழைய இடத்துக்குப் போகவில்லை. செவ்வாய், வெள்ளி என்று ஏழெட்டு மாதம் அதே புள்ளி. அளவுத் தாளில் கோடு நேராகப் போனது. "மூணாவது ஸ்டாண்டு தங்கம்யா" என்று மேனேஜர் வாய் நிறையச் சொன்னார். பேரிங் மாற்றும் தேதியை இரண்டு தடவை தள்ளிப்போட்டார்கள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் தள்ளிப்போட்டார்கள்.

அன்றைக்கு மதியம் ஷிப்ட் ஆரம்பித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நீட்டு ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஸ்டாண்டில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாய். என்னைக் கண்டதும், "மாமு, கரகரன்னுகினு கீது. செத்த நிறுத்தச் சொல்லு, பாத்துரலாம்" என்றாய். நான் தாளை நீட்டினேன். "ரீடிங்கு சோக்கா கீது. உன் காதுலதான் அழுக்கு" என்றேன். சிரித்தாய். என் எண்ணை நீ நம்பினாய், ஆனாலும் உன் காதை உன்னால் விட முடியவில்லை. நான் டீ குடிக்கப் போனதும், மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்று கிட்டப் போயிருக்கிறாய். பேரிங் இறுகி உருளை நின்றுவிட்டது. பின்னால் நெருப்பாய் வந்த கம்பிக்குப் போக வழியில்லை, பக்கவாட்டில் பாய்ந்தது. அந்தப் பக்கம் நீ நின்றிருந்தாய்.

விசாரணை வைத்தார்கள். என் தாள்களை எடுத்து வரிசையாகப் பரப்பினார்கள். மெஷினில் குறையில்லை, ஓடும்போது கிட்டப் போனது தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். வாயைத் திறந்தால் புள்ளி வைத்தவன் நீ என்றும் வெளியே வருமே, செத்தவன் பெயரைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம், பார்க்க மரியாதையாகவும் இருந்தது. ஒன்றரை வருஷம் அதை வைத்தே ஓட்டினேன்.

கருவி மாட்டிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்துக்கு, உன் வீட்டுக்குப் போனேன். சர்ச்சில் பூசை முடிந்து வந்த சேலையை மாற்றாமலே ஸ்டெல்லா எனக்கு நாற்காலி போட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள். "பாப்பாவ ஸ்கூல்ல கேக்குறாங்களாம்ண்ணா, உங்கப்பா குடிச்சிட்டு மிசினாண்ட போனாரான்னு. அதுவும் வந்து என்னக் கேக்குது." மில்லுக்குள் நீ ஒரு நாளும் அப்படி வந்தவனில்லை. இது எனக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றையும் சொன்னேன். கை பொசுங்கியது, புள்ளி, கோடு, டீ.  முடித்ததும் அவள் இரண்டே கேள்வி கேட்டாள்.

"கீழ வெச்சா கம்மியா காட்டும்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்களுக்கு?"

மாமு, அங்கே நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"தெரியும். டிரெய்னிங்ல மொத நாளே சொன்னாங்க" என்றேன்.

அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. எழுந்து கதவை நன்றாகத் திறந்து வைத்தாள். "இத்த எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போது? அங்க போய் சொல்லுங்க" என்றாள்.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம். கவனக்குறைவு உன்னுடையது இல்லை, என்னுடையது என்றும், தவறான இடம் என்று தெரிந்தே அளந்தேன் என்றும் எழுதியிருக்கிறேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தினமும் ஆபீஸ் வாசல் வரை போகிறேன். மேனேஜர் நிமிர்ந்து "இன்னாய்யா?" என்பார். "ஒண்ணுமில்ல சார்" என்று திரும்பிவிடுகிறேன். உன் பெயருக்காக என்று இனி சொல்லிக்கொள்ள முடியாது. பயம்தான். வேலை போய்விடும், மில்லில் எல்லாரும் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்ற வெறும் பயம்.

வியர்வையில் நனைந்து நனைந்து தாள் மடிப்பில் கிழிந்துவிட்டது. நேற்றுப் புதுத் தாள் வாங்கி மறுபடி எழுதினேன். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. இன்றைக்கும் கொடுக்கவில்லை.