பச்சைக் கரை வேட்டித் துண்டு

நீடாமங்கலம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டும். தினமும் வீடியோ காலில் பேசுகிறவர் கடிதம் எழுதுகிறாரே என்று பயப்படாதே, உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். குறுவை அறுப்பு முடிந்து நெல்லை மழைக்கு முன்னால் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டோம், அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

விஷயம் நீ வாங்கிக் கொடுத்த கார் பாட்டு செட்டு. உன்னோடு படித்த இளவழகன்தான் மன்னார்குடியில் அவன் கடையில் வைத்து மாட்டிக் கொடுத்தான். அரை மணி நேரம் பாடினால் கை வைக்க முடியாமல் சுடுகிறது, தானாக நின்றுவிடுகிறது என்று உன்னிடம் புலம்பினேன் அல்லவா. அவன் இரண்டு தடவை ஃபியூஸ், ஒயர் எல்லாம் பார்த்தான், உள்ளே நீங்கள் ஏதாவது செய்தீர்களா என்று பணிவாகத்தான் கேட்டான், நான் என்ன மெக்கானிக்கா என்று சீறினேன். மூன்றாவது தடவை கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, கண்ட ஒயரைப் போட்டு ஏமாற்றுகிறாய், உனக்கெல்லாம் எதற்குக் கடை என்று கத்தினேன். என் பேச்சை நம்பித்தான் நீயும் உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவனைப் பற்றி எழுதினாய். அவன் ஒரு நாள் வண்டியை வைத்திருந்து, மறுநாள் நாலு பேர் முன்னால் சாவியை நீட்டி, "என் ஒயரிங்லதான் தப்புங்கய்யா, சரி பண்ணிட்டேன்" என்றான். நான் ஜெயித்த மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

நேற்று இன்சூரன்ஸ் காகிதம் தேடி டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தால், அடியில் ஒரு துணி நான்காக மடித்து இருந்தது. பச்சைக் கரை, என் பழைய வேட்டித் துண்டு, நடுவில் தீய்ந்து பழுப்பேறிப் போயிருந்தது. ரோட்டில் நெல் காயப்போடுகிற நேரம், நெல் சுனைத் தூசி பறந்து உள்ளே போய்விடும், மகள் வாங்கிக் கொடுத்தது கெட்டுவிடக் கூடாது என்று, மாட்டிய அன்றே செட்டுக்குப் பின்னால் நான்தான் அதைச் சுற்றித் திணித்தேன். காற்றுப் போகிற ஓட்டையை எல்லாம் அடைத்துவிட்டேன் அம்மா. அவன் கேட்டபோது அது எனக்கு நினைவில்கூட இல்லை, தூசிக்குத் துணி போடுவதை ஒரு வேலையாகவா நினைப்போம். அவன் கண்டுபிடித்துவிட்டு, என்னைக் கூனிக் குறுக வைக்காமல் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் வயதுப் பிள்ளை அவன்.

நீ குழுவில் எழுதியதை அழித்துவிடாதே. அழித்தால் படித்தவர்கள் மனதில் அது அப்படியே இருக்கும். அதற்குக் கீழேயே, தப்பு எங்கள் அப்பா வைத்தியலிங்கத்துடையது என்று பெயர் போட்டு எழுது. நாளைக் காலை பத்து மணிக்கு, கடையில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து, அந்தத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு நான் போகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். செட்டு இப்போது சூடே இல்லாமல் நன்றாகப் பாடுகிறது, எனக்குத்தான் போட மனம் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
வைத்தியலிங்கம்