பைக்குக்கு மூக்கடைப்பு

அன்பும் மரியாதையும் உள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலியும் அம்மாவின் கோபமும் குறைந்தனவா?

பெரிய சிலிண்டரும் பிஸ்டனும் மாற்றி, பட்டறையில் நான் தனியாகப் பூட்டிய முதல் பைக், எவ்வளவு உதைத்தும் கிளம்பவில்லை. கிளம்பாவிட்டால் எனக்கு மறுபடி வண்டி கழுவும் வேலைதான். பிளக், பெட்ரோல் எல்லாம் சரி. கடைசியில் கார்புரேட்டரைக் கழற்றினேன். உள்ளே தூசி விழாமலிருக்கக் காற்று போகும் வழியில் நானே அடைத்து வைத்த கறுப்புத் துணி!

"பைக்குக்கு மூக்கடைப்பாடா, டாக்டரே?" என்றார் முதலாளி. துணியை உருவியதும் ஒரே உதையில் உறுமியது. என் வேலையும் தப்பியது.

உங்கள் பழைய சிவப்புக் கட்ட லுங்கியை அனுப்புங்கள். அதைக் கிழித்து அடைத்தால் மறக்கமாட்டேன். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

முதலாளி கத்துகிறார், ஓடுகிறேன்.

உங்கள் வாலு